பதிவேட்டில் காணாமல் போனவர்கள்

கேள்வி: நான் மேற்பார்வைச் செவிலியர். எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏழு மையங்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. கூட்டு மருந்து தொடங்கியவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறார். அதில் பாதிப் பேர் முதல் ஆறு மாதத்திலேயே. இரண்டு மையங்கள் நன்றாகச் செய்கின்றன. ஒன்று எப்போதும் கடைசி. ஆலோசகர்கள் தினமும் ஃபோன் செய்து ஓய்ந்துவிட்டார்கள். 'இவங்களுக்கே அக்கறையில்லை, நாம என்ன செய்ய' என்ற பேச்சும் வர ஆரம்பித்திருக்கிறது. மூன்று மாதத்தில் கணக்கைச் சரிசெய்யச் சொல்லி மேலிடத்துக் கடிதம் வந்திருக்கிறது. தானாகவே குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருள் வாங்கலாம் என்று ஒரு யோசனை. வாங்கலாமா? வேறு எதில் கை வைக்கலாம்?

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

மென்பொருளை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். அது கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் 'மறந்துபோச்சு, அதான் வரலை' என்று ஒரு நோயாளி சொன்னதாகக்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. யார் எதற்காக வரவில்லை என்று தெரியாமல் எல்லோருக்கும் நினைவூட்டல் அனுப்புவது, காய்ச்சலோடு வந்த அத்தனை பேருக்கும் ஒரே ஊசியைப் போடுவது மாதிரி.

குறுஞ்செய்திக்கு ஆதாரம் கேட்டால் எல்லோரும் கென்யாவில் நடந்த ஆய்வைத்தான் காட்டுவார்கள். 2010-இல் வெளிவந்தது, 538 பேர் பங்கேற்றார்கள். செய்தி பெற்றவர்கள் மாத்திரையை ஒழுங்காக எடுத்தார்கள், வைரஸ் அடங்கியவர்களும் அவர்களில் அதிகம். உண்மைதான். ஆனால் அந்தச் செய்தி என்ன தெரியுமா? வாரத்துக்கு ஒருமுறை 'மாம்போ?' என்று ஒரே சொல். சுவாஹிலியில் 'எப்படி இருக்கீங்க?' என்பது மாதிரி. அதற்கு இரண்டு நாளுக்குள் 'சாவா' என்றால் நலம், 'ஷிடா' என்றால் பிரச்சினை. பிரச்சினை என்று பதில் வந்தாலும், பதிலே வராவிட்டாலும் ஒரு செவிலியர் கூப்பிட்டுப் பேசுவார். மாத்திரை, நோய், தேதி எதுவும் அந்தச் செய்தியில் கிடையாது. வீட்டில் வேறு யார் கையில் ஃபோன் இருந்தாலும் ஒன்றும் வெளியே தெரியாது. அந்த ஃபோனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த செவிலியரை மென்பொருளோடு சேர்த்து யாரும் விற்பதில்லை.

சரி, எங்கிருந்து தொடங்குவது? என்னைக் கேட்டால், அந்த 'ஐந்தில் ஒருவர்' கணக்கிலிருந்து.

பட்டியலில் விழுந்தவர் என்று நாம் எழுதும்போது உண்மையில் நான்கு விதமான ஆட்களை ஒரே பெட்டியில் போடுகிறோம். இறந்துபோனவர், வேறு மையத்தில் சொல்லாமல் கொள்ளாமல் சேர்ந்து ஒழுங்காக மருந்து வாங்குகிறவர், வந்து மருந்தும் வாங்கிப்போனார், ஆனால் அன்று பதிவேட்டில் ஏறவில்லை என்று இருப்பவர், அப்புறம் நிஜமாகவே மாத்திரையை நிறுத்தியவர். இந்த நால்வருக்கும் செய்ய வேண்டியது முற்றிலும் வேறு. நான்காமவருக்குத்தான் ஆலோசகர் வேண்டும். மூன்றாமவருக்கு ஒரு நல்ல எழுத்தர் போதும்.

எல்லோரையும் தேடிப்போக ஆள் இல்லை என்பீர்கள். தேவையும் இல்லை. உகாண்டாவின் ம்பராராவில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காணாமல் போனவர்களில் சிலரை மட்டும் குலுக்கல் முறையில் எடுத்து, அவர்களை எப்படியாவது கண்டுபிடித்து, அதிலிருந்து மொத்தப் படத்தை ஊகிப்பது. பின்னால் சாம்பியாவிலும் பெரிய அளவில் இதையே செய்தார்கள். இரண்டு உண்மைகள் தெரியவந்தன. 'விட்டுப்போனார்' என்று எழுதப்பட்ட பலர் வேறொரு மையத்தில் சிகிச்சையில்தான் இருந்தார்கள். அதேசமயம், பதிவேடு சொன்னதைவிட இறந்தவர்கள் பல மடங்கு அதிகம். மையத்துக்கு மையம் இந்த வித்தியாசமும் மாறியது. பதிவேட்டின்படி நல்ல மையம் என்று பெயரெடுத்தது, தேடிப்போய்ப் பார்த்தால் அப்படி இருக்க வேண்டிய அவசியமில்லை.

நீங்களும் மையத்துக்குப் பதினைந்து பெயரைக் குலுக்கி எடுங்கள். மொத்தம் நூற்றைந்து. இரண்டு வாரம் இதற்கு ஒதுக்குங்கள். ஃபோனில் கிடைப்பவர்களை மட்டும் எழுதிவிட்டு முடித்துவிடாதீர்கள். சுலபத்தில் கிடைக்காதவர்களிடம்தான் கதை இருக்கிறது.

கடைசியில் வரும் மையத்தை இப்போதே தண்டிக்க வேண்டாம். நான் முன்பு பார்த்த ஒரு மையம் இப்படித்தான், வருடக்கணக்காகக் கடைசி. ஊழியர்களுக்குக் கெட்ட பெயர். கடைசியில் பார்த்தால், வேலை தேடி வந்து போகிறவர்கள் நிறைந்த பகுதி அது. அங்கே மாத்திரை தொடங்குவார்கள், நான்கு மாதத்தில் வேலை முடிந்து வேறு இடம் போவார்கள். அங்கே போய் 'புதுசா வந்திருக்கேன்' என்று சேர்ந்துவிடுவார்கள். பழைய மையத்தில் அவர் விட்டுப்போனவர். புதிய மையத்தில் புதிய நோயாளி. முதல் மையத்துக்குத் திட்டு, இரண்டாவது மையத்துக்குப் பாராட்டு. ஆள் என்னவோ ஒரு நாள்கூட மாத்திரையை விட்டதில்லை.

இதைப் பிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. ஒரு மாதம் மட்டும், ஏழு மையங்களிலும் 'புதிதாக' சேருகிறவர்களுக்குத் தொடக்கத்திலேயே வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்ற பரிசோதனை, எடுத்துப் பாருங்கள். பல இடங்களில் இது வழக்கமில்லை, ஆனால் ஒரு மாதச் செலவுதான். மாத்திரை இல்லாமலே வைரஸைத் தானாக அடக்கிக்கொள்ளும் உடம்பு நூறு பேரில் ஒருவருக்குக்கூட இருக்காது. அப்படியிருக்க, புதியவர் என்று வந்தவருக்கு வைரஸ் அடங்கிய நிலையில் முடிவு வந்தால், அவர் எங்கேயோ மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய் 'ஏன் பொய் சொன்னீங்க' என்று கேட்டுவிடாதீர்கள். ஏன் மறைக்க வேண்டியிருந்தது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் இது. பெரும்பாலும் பதில் ஒன்றுதான்: பழைய இடத்துக் கடிதம் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்புவார்கள் என்ற பயம்.

அதனால் உங்கள் ஏழு மையத்துக்கும் பொதுவாக முதலில் போட வேண்டிய விதி இது. மாற்றல் கடிதம் இல்லாமல் ஒருவர் வந்தால் முதலில் மருந்து, பிறகு காகிதம். பாட்டிலைக் காட்டினால் போதும், அட்டையைக் காட்டினால் போதும், அதுவும் இல்லையென்றால் வாய்வார்த்தை போதும். பழைய மையத்துக்கு ஃபோன் செய்து விவரம் வாங்குவது நம் வேலை, அவர் வேலை இல்லை. அனுப்பும் மையத்துக்கும் ஒரு விதி வேண்டும்: 'மாற்றப்பட்டார்' என்று எழுதிவிட்டால் கணக்கு முடிந்தது என்று ஆகக் கூடாது. அந்தப் பக்கத்தில் வந்து சேர்ந்தார் என்று ஒருவர் சொல்லும்வரை அவர் அனுப்பியவரின் பட்டியலிலேயே இருக்கட்டும். ஏழு மையத்திலிருந்தும் ஒவ்வொருவர் வாரம் ஒருமுறை பதினைந்து நிமிடம் ஃபோனில் சேர்ந்து, போனவர் யார், வந்தவர் யார் என்று ஒப்பிட்டாலே பாதி பேர் 'கிடைத்துவிடுவார்கள்'. பெயரை உரக்கப் படிக்காமல் எண்ணை வைத்துப் பேசச் சொல்லுங்கள்.

எத்தனை நாளில் ஒருவரை விட்டுப்போனவர் என்று எழுதுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. ஏழு மையமும் ஒரே அளவுகோலைத்தான் பயன்படுத்துகின்றனவா என்று பாருங்கள். வர வேண்டிய தேதிக்குப் பின் 28 நாள் கடந்தால் சிகிச்சை இடைநின்றது என்று கொள்வது இப்போது பரவலான வழக்கம். முன்பு பல திட்டங்களில் 90 நாள். ஒரு மையம் பழைய கணக்கிலும் இன்னொன்று புதிய கணக்கிலும் ஓடினால், உங்கள் தரவரிசைக்கு அர்த்தமே இல்லை.

இனி நிஜமாகவே நிறுத்தியவர்கள்.

நான் ஒரு மையத்தை நடத்தியபோது ஒரு விதி இருந்தது. குறித்த தேதியில் வராமல் பிந்தி வருகிறவர்கள் அன்றைய வரிசையில் கடைசியில்தான் உட்கார வேண்டும். அப்புறம் ஆலோசகரைப் பார்த்துவிட்டுத்தான் மருந்து. ஒழுங்கைக் கற்றுக்கொடுப்பதாக நினைப்பு. விதியைப் போட்டவன் நான்தான், அதனால் யாரையும் குறை சொல்ல முடியாது. ஒருநாள் ஒரு பெண் பதினோரு மாதம் கழித்து வந்தார். எடை பாதியாகியிருந்தது. இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று கேட்டேன். 'ரெண்டு தடவை வாசல் வரைக்கும் வந்தேன் சார். ரெண்டு நாள் லேட்டாப் போயிருச்சுன்னு திட்டுவீங்கன்னு திரும்பிப் போயிட்டேன்' என்றார். இரண்டு நாள் தாமதம் பதினோரு மாதமானது அப்படித்தான். மாத்திரையை விட்டதை அவர் பெரிதாக நினைக்கவில்லை. வரிசையில் எல்லோரும் பார்க்கக் கடைசியில் உட்காருவதைத்தான் நினைத்தார்.

அதற்குப் பிறகு நான் எந்த மையத்துக்குப் போனாலும் முதலில் பார்ப்பது இதைத்தான்: பிந்தி வருகிறவரின் முதல் பத்து நிமிடம் எப்படிப் போகிறது? நீங்களும் பாருங்கள், சொல்லிவிட்டுப் போகாதீர்கள். வாசலில் யார் முதலில் பேசுகிறார், என்ன தொனியில், எத்தனை பேர் காதில் விழும்படி. அட்டையில் சிவப்பு மையால் 'தவறியவர்' என்று எழுதும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அந்தச் சிவப்பு மையைத் தூக்கிப் போடுங்கள்.

ஆலோசகர்களிடம் சொல்ல வேண்டிய வாசகத்தை எழுதியே கொடுத்துவிடுங்கள். 'ஏன் வரலை?' என்பது கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் அது விசாரணை. 'வந்துட்டீங்க, நல்லதாப் போச்சு. இடையில் எது கஷ்டமா இருந்துச்சு?' என்று கேட்டால் பதில் வரும். மாத்திரை பற்றியும் அப்படித்தான். 'ஒழுங்கா சாப்பிடுறீங்களா?' என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், நானும் என் ரத்த அழுத்த மாத்திரைக்கு அப்படித்தான் சொல்வேன். 'எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு விட்டுப்போகும். போன வாரம் உங்களுக்கு எத்தனை?' என்றால் எண்ணிக்கை கிடைக்கும்.

திரும்பி வந்தவருக்கு மருத்துவத்தில் என்ன செய்வது என்பதிலும் மையங்கள் குழம்புகின்றன. முன்பு ஒரு பயம் இருந்தது: இப்படி விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்தை எதிர்க்கும் வைரஸ் வந்துவிடும், அதனால் 'தயாராகும் வரை' மாத்திரை தரக் கூடாது என்று. எஃபாவிரென்ஸ், நெவிரபின் என்ற பழைய மருந்துகளின் காலத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவை உடம்பில் நெடுநாள் தங்கும், கூட இருந்த மற்ற மருந்துகள் வெளியேறிய பிறகும். வைரஸ் ஒற்றை மருந்தோடு பழகிவிடும். இப்போது பெரும்பாலானோர் சாப்பிடுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. டோலுடெக்ராவிரை எதிர்க்க வைரஸ் மிகவும் கஷ்டப்பட வேண்டும். ஆகவே திரும்பி வந்தவருக்கு, ஆபத்து அறிகுறி இல்லையென்றால், அன்றைக்கே அதே மாத்திரையைத் தொடங்கலாம். மூன்று முறை ஆலோசனைக்கு வந்து தேறினால்தான் மருந்து என்பதெல்லாம் வேண்டாம். மூன்று மாதம் கழித்து வைரல் லோடு பார்த்துக்கொள்ளலாம்.

ஆபத்து அறிகுறி என்றேனே, அதை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். நீண்ட நாள் நிறுத்திவிட்டு வருகிறவர் புதிய நோயாளியைவிட மோசமான நிலையில் இருக்கலாம். சிடி4 எடுங்கள், நோயை எதிர்க்கும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை அது. 200-க்குக் கீழே இருந்தால் நோய் முற்றிய நிலை. காசநோய்க்கும், ரத்தத்தில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைக்கும் பரிசோதனை வேண்டும். இருமல், காய்ச்சல், இரவில் வியர்த்தல், எடை குறைவு என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். விடாத தலைவலி இருந்தால் மருத்துவர் பார்க்காமல் மாத்திரை தொடங்கக் கூடாது. பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சலில் கூட்டு மருந்தை அவசரமாகத் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து. பூஞ்சைக்கான மருந்து தொடங்கி 4 முதல் 6 வாரம் கழித்துத்தான் தொடங்குவார்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவருக்கு டோலுடெக்ராவிர் ஒரு நாளைக்கு இரண்டு வேளை வேண்டும் என்பதையும் மருந்தகத்தில் எழுதி ஒட்டுங்கள். இரண்டு இடத்தில் மருந்து வாங்குகிறவர்களுக்கு இது அடிக்கடி விட்டுப்போகிறது.

விட்டுப்போகிறவர்களில் பாதிப் பேர் முதல் ஆறு மாதத்திலேயே போகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பரிசோதனை முடிவு வந்த அதே வாரத்தில், சிலசமயம் அதே நாளில், மாத்திரை தொடங்குகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல், சிடி4 எவ்வளவு இருந்தாலும் எல்லோருக்கும் சிகிச்சை என்றது. 2017-இல் ஏழு நாளுக்குள் தொடங்கலாம் என்றது. நல்ல முடிவுகள். அவற்றை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் உடம்பில் ஒரு குறையும் தெரியாத ஒருவர், செய்தியையே இன்னும் நம்பாத நிலையில், வீட்டில் யாரிடமும் சொல்லாமல், ஒரு பாட்டிலோடு திரும்பிப் போகிறார். அவருக்கு அடுத்த சந்திப்பு ஒரு மாதம் கழித்து. அந்த ஒரு மாதம் அவர் தனியாக இருக்கிறார். முதல் வாரத்தில் ஒரு ஃபோன், இரண்டாவது வாரத்தில் ஒன்று, அவ்வளவுதான். தூக்கம் கெட்டதா, தலைவலியா, பாட்டிலை எங்கே வைத்திருக்கிறீர்கள், யாருக்காவது தெரியுமா. ஆலோசகரைவிட, அதே மாத்திரையை வருடக்கணக்காகச் சாப்பிடும் ஒருவர் பேசினால் இன்னும் நல்லது. அவருக்குச் சம்பளம் கொடுங்கள். தொண்டு என்ற பெயரில் ஓசியில் வேலை வாங்குவது எனக்குப் பிடிக்காது, அது நிலைக்கவும் செய்யாது.

அந்த முதல் ஃபோனில் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தைப் பல மையங்கள் சொல்லாமலே விடுகின்றன. வைரஸ் அடங்கி, அளவிட முடியாத நிலைக்குப் போய், அப்படியே இருந்தால், உடலுறவு மூலம் துணைக்கு அது பரவாது. இதை ஆறுதல் வார்த்தையாக எண்ண வேண்டாம். ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 1,763 தம்பதிகளிடம் நடந்த ஆய்வு, மாத்திரையை முன்கூட்டியே தொடங்கினால் துணைக்கு 96 சதவீதம் பாதுகாப்பு என்று 2011-லேயே இடைக்கால முடிவில் சொன்னது. பின்னர் ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகளில், ஆணுறை இல்லாத உறவுகள் பல்லாயிரக்கணக்கில் கணக்கெடுக்கப்பட்டும், வைரஸ் அடங்கிய துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடப் பரவவில்லை. 'நீங்க சாகாம இருக்க மாத்திரை' என்பதைவிட 'உங்களால் யாருக்கும் வராது' என்பது சிலரைக் கெட்டியாகப் பிடித்து நிறுத்துகிறது. நான் பார்த்ததில், குறிப்பாகப் புதிதாகத் திருமணமானவர்களை. இந்த வார்த்தையைத் தயங்கித் தயங்கிச் சொல்லும் மருத்துவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆபத்து எதுவும் இல்லை, தைரியமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

இப்போது ஆலோசகர்களின் களைப்புக்கு வருவோம். உங்கள் ஏழு மையத்திலும் நன்றாக இருக்கும் நோயாளிகளும் மாதாமாதம் வருகிறார்களா? கடிதத்தின் தொனியைப் பார்த்தால் அப்படித்தான் படுகிறது. ஆயிரம் பேர் மாதம் ஒருமுறை வந்தால் வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம் வருகை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்றால் இரண்டாயிரம். மிச்சமாகும் பத்தாயிரம் வருகையின் நேரத்தில்தான் நீங்கள் முதல் வார ஃபோன்களைச் செய்ய முடியும், திரும்பி வந்தவரோடு அரை மணி நேரம் உட்கார முடியும். நன்றாக இருப்பவரை அடிக்கடி வரச்சொன்னால் அவர் நம் பிடியில் இருப்பார் என்று நினைக்கிறோம். நேர்மாறாகத்தான் நடக்கிறது. ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி, ஒரு பொய்க் காரணம், தெரிந்தவர் கண்ணில் படும் ஒரு வாய்ப்பு. மலாவியிலும் சாம்பியாவிலும் சேர்ந்து நடந்த ஆய்வில், ஆறு மாத மருந்தை ஒரே தடவையில் பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே சிகிச்சையில் நீடித்தார்கள்.

மாத்திரை தொடங்கி ஆறு மாதம் ஆகி, வைரஸ் அடங்கி, வேறு நோய் இல்லாதவர் இந்த ஆறு மாத மருந்துக்குப் பொருத்தமானவர். இன்னும் இரண்டு வழிகளும் இருக்கின்றன. கேப் டவுனின் கயலிட்ஷாவில் 2007-இல் தொடங்கியது, இருபத்தைந்து முப்பது பேர் கொண்ட குழு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடி, ஒரு மணி நேரத்துக்குள் எடை பார்த்து மருந்து வாங்கிக் கலைந்துவிடும். மொசாம்பிக்கின் டெட்டே பகுதியில் 2008-இல் தொடங்கியது இன்னும் எளிது: ஆறு பேர் சேர்ந்துகொண்டு, முறைவைத்து ஒருவர் மட்டும் மையத்துக்குப் போய் எல்லோருடைய மருந்தையும் வாங்கி வருவார். தூரமான ஊர்களுக்கு இது அருமை. ஆனால் தன் நிலை இன்னொருவருக்குத் தெரிவதையே விரும்பாதவர்களிடம் குழுவைத் திணித்தால் அவர் அதற்காகவே போய்விடுவார். ஆறு மாத மருந்தும் அப்படித்தான். ஆறு பாட்டிலை ஒளித்துவைக்க இடமில்லாதவர் 'எனக்கு ரெண்டு மாசத்துக்கே போதும்' என்பார். கொடுத்துவிடுங்கள். அப்புறம், மருந்து இருப்பை உறுதிசெய்யாமல் இதில் இறங்கவே கூடாது. 'ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க' என்று ஒருமுறை சொன்னால் அந்த நம்பிக்கையைத் திரும்ப வாங்குவது கஷ்டம்.

'நல்லாத்தானே இருக்கேன், கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கிறேன்' என்கிறவர்களும் உண்டு. அந்த யோசனையை மருத்துவ உலகமே ஒருமுறை சோதித்துப் பார்த்தது என்று அவர்களிடம் சொல்லலாம். சிடி4 நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி, குறைந்தால் மறுபடி தொடங்கினால் என்ன என்று 5,472 பேரிடம் பார்த்தார்கள். 2006-இல் முடிவு வந்தது. நிறுத்தியவர்களிடம் நோயோ மரணமோ நேர்ந்த விகிதம் இரண்டரை மடங்கு. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

தேடிப்போவது பற்றி. 28-ஆம் நாள் வரை காத்திருக்காதீர்கள். மாத்திரை தீர்ந்தால் பெரும்பாலானோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் வைரஸ் மீண்டும் தலைதூக்கிவிடும். தேதி தப்பி மூன்றாம் நாளே ஃபோன் போகட்டும். எல்லோரையும் சமமாகத் துரத்தவும் வேண்டாம். சிடி4 குறைந்தவர், கர்ப்பிணி, பாலூட்டும் தாய், குழந்தை, தொடங்கி ஆறு மாதம் ஆகாதவர் – முதலில் இவர்கள். பிரசவம் வரை ஒரு நாள் தவறாத பெண், குழந்தை பிறந்த பிறகு காணாமல் போவது எல்லா இடத்திலும் நடக்கிறது; தாயின் மருந்தும் குழந்தையின் பரிசோதனையும் ஒரே நாளில் ஒரே அறையில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும் இளைஞர்களும் இதே மாதிரி, ஒருமுறையாவது பழைய செவிலியர் கூடப் போக வேண்டும்.

ஃபோன் செய்யலாமா, எந்த நேரத்தில், என்ன பெயரில், வேறு யார் எடுத்தால் என்ன சொல்ல வேண்டும், வீட்டுக்கு வரலாமா – இதையெல்லாம் முதல் நாளே கேட்டு அவர் சொன்னபடி எழுதிவையுங்கள். மையத்தின் பெயர் எழுதிய வண்டியில் தெருவுக்குள் போய் இறங்கி, ஒருவரைச் சிகிச்சைக்குத் திரும்பக் கொண்டுவர நினைத்து ஊரைவிட்டே ஓடவைத்த கதையும் நடந்திருக்கிறது. ஃபோன் எண் மாறியிருக்கிறதா என்பதை ஒவ்வொரு வருகையிலும் அவர் எதிரிலேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்துச் சரிபாருங்கள். உங்கள் ஆலோசகர்கள் ஓய்ந்துபோனதில் பாதி, இல்லாத எண்களைக் கூப்பிட்டுத்தான் இருக்கும்.

மேலிடத்து மூன்று மாதக் கெடுவுக்கு என்ன பதில் எழுதுவது? நேராகவே எழுதுங்கள். முதல் மாதம் கணக்கைச் சரிபார்க்கிறோம். அதனால் சில மையங்களில் இறப்பு எண்ணிக்கை கூடித் தெரியும், அது புதிய இறப்பு இல்லை, இதுவரை தெரியாதது. இரண்டாவது, மூன்றாவது மாதங்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், வந்த அன்றே எத்தனை பேருக்கு மாத்திரை கிடைத்தது என்று தருகிறோம். சதவீதத்தை மட்டும் கேட்டு நெருக்கினால் ஊழியர்கள் சதவீதத்தைத்தான் தயாரிப்பார்கள். வராதவர் வந்ததாக டிக் அடித்த பதிவேட்டை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அடித்த பெண்மீது எனக்குக் கோபம் வரவில்லை.

நன்றாகச் செய்யும் அந்த இரண்டு மையத்திலிருந்து ஒரு செவிலியரைக் கடைசி மையத்துக்கும், அங்கிருந்து ஒருவரை இங்கேயும் ஒரு வாரம் மாற்றி அனுப்புங்கள். பயிற்சி வகுப்பு என்று பெயர் வைக்க வேண்டாம். வேலை செய்துவிட்டு வரட்டும். கடைசி மையத்து ஆட்கள் சொல்லிக்கொள்ளவும் ஏதாவது இருக்கும், அதையும் கேளுங்கள். அந்த மையம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, கூலி வேலைக்குப் போகிறவர் அந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்றும் பார்த்துவிடுங்கள்.

நூற்றைந்து பேரையும் தேடி முடித்ததும் நான்கு பெட்டியிலும் எத்தனை எத்தனை என்று எனக்கு எழுதுங்கள். கடைசி மையத்தை மட்டும் தனியாகப் பிரித்து எழுதுங்கள். 'புதியவர்' என்று சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு முதல் பரிசோதனையிலேயே வைரஸ் அடங்கியிருந்தது என்பதையும் சேர்த்து. அதைப் பார்த்த பிறகு மென்பொருளைப் பற்றிப் பேசலாம்.